அகராதியின் நான்கு வாசல்கள்

அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். பொருளுக்குச் சொல்லும் தரும். தொகைக்கு விரி தரும், பாட்டுக்கு எதுகை தரும். கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டி, ஒற்றை வரி விடை வந்ததும் தேடலை முடித்துக்கொள்ளும் பழக்கம் இன்று பெருகிவருகிறது. அப்படித் தேடுவோர் நான்கு வாசலில் ஒன்றில் மட்டுமே நுழைகிறார்கள்.

அந்த நான்கு வாசல்களையும் தனித்தனியே திறந்து வைத்த நூல், வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி. அதற்கு முந்திய நிகண்டுகள் செய்யுளாக அமைந்தவை; மனப்பாடம் செய்தவருக்கே முழுதும் பயன்பட்டவை. சதுரகராதியோ தேடி எடுப்பதற்கென்றே அகரவரிசையில் அமைந்தது. பெயரகராதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். பொருளகராதி, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைக் கூறும். எழுதுபவருக்குப் பெரிதும் உதவுவது இரண்டாவதுதான். கருத்து இருந்து சொல் கிடைக்காதபோது அங்கேதான் போக வேண்டும்.

மூன்றாவது தொகையகராதி. பழம்பாடலில் ‘நாற்படை’ என்று வந்தால், நான்கு படை என்று அறிவது போதாது. யானை, தேர், குதிரை, காலாள் என்று விரித்தால்தான் பாடல் விளங்கும். நான்காவது தொடையகராதி. இன்று அதிகம் மறக்கப்பட்டதும் அதிகம் போற்றத் தக்கதும் இதுவே. முதலெழுத்து அளவொத்து, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ‘மலர்’ என்று தொடங்கும் கவிஞருக்கு அலர், புலர், உலர் ஆகியவை ஓரிடத்தில் கிடைத்தால், அடுத்த அடிக்குச் சொல் மட்டுமா கிடைக்கிறது? கற்பனைக்கு வழியும் கிடைக்கிறது. பொருளால் தொடர்பில்லாத சொற்களை ஓசை ஒன்றுசேர்க்கிறது. பொருள் தேடுபவர் காணாததை ஓசை தேடுபவர் காண்கிறார்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் வேறு இரண்டு பயன்களைச் சேர்த்தது. மேற்கோள், சொல் ஆளப்பட்ட நூலைக் காட்டும். வழக்குக் குறிப்பு, அது யாழ்ப்பாணத்துச் சொல்லா, நாஞ்சில் நாட்டுச் சொல்லா என்று காட்டும். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய உரைநடையில் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் விளக்குகிறது.

ஆகவே பொருளைக் கண்டதும் அகராதியை மூடிவிடலாகாது. மேற்கோளையும் வழக்குக் குறிப்பையும் எடுத்துக்காட்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு சொல்லைத் தேடிய வேலை முடிகிறது.