அகதியின் காத்திருப்பும் தொலைக்காட்சி நகைச்சுவையும்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச இமாமுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஊர் துறந்து வாழும் முஸ்லிம்களின் துயரம் இன்று மேலைநாட்டு நகைச்சுவைத் தொடர்களில் பேசப்படுகிறது. நம் பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் பார்க்கின்றனர். ஆகவே பேசுகிறோம்.

சூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆவது வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது, சிரிப்பைத் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களும் உண்மை வழுவாது தோழர்களுடன் நகையாடியிருக்கிறார்கள். எனவே எவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

கனடாவில் 2007 முதல் 2012 வரை 'லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரெய்ரி' என்னும் தொடர் ஒளிபரப்பானது. அதை உருவாக்கியவர் ஸர்கா நவாஸ் என்ற முஸ்லிம் பெண்மணி. வழக்கறிஞர் தொழிலை விட்டுச் சிற்றூர்ப் பள்ளிக்கு இமாமாகப் புறப்படும் இளைஞர், விமான நிலையத்தில் கைப்பேசியில் பேசியதை அரைகுறையாகக் கேட்டவரால் மாட்டிக்கொள்கிறார். நகைப்புக்குள்ளாவது இமாமல்லர், கேட்டவரின் அச்சமே. (எம் இனத்தவர் என்பதால் பரிந்து பேசவில்லை!)

ஆயினும் அகதியின் நிலையை உள்ளபடி காட்டுவது 2022 இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'மோ' என்னும் தொடரே. அதில் நடித்து, ரமி யூசுஃபுடன் இணைந்து அதை உருவாக்கிய மோ ஆமிர், குவைத்தில் பிறந்த பலஸ்தீனர். 1990 இல் ஈராக் படைகள் குவைத்தைக் கைப்பற்றியபின் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தஞ்சம் புகுந்தார். அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்ததோ 2009 இல்!

தொடரின் நாயகனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவன் குடும்பத்தின் புகலிட வழக்கு இருபதாண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. வேலை செய்ய ஆவணமின்மையால் காரின் பின்பெட்டியில் போலிச் சரக்கு வைத்து விற்கிறான். தாயோ ஜைத்தூன் எண்ணெய் எடுத்துப் புட்டியில் அடைக்கிறார். மகன் போகுமிடமெல்லாம் சிறு புட்டியொன்றைச் சுமந்து செல்கிறான். கடையில் சாக்லேட் கலந்த ஹம்முஸைக் கண்டு அவன் கொதிப்பதைப் பார்ப்போர் சிரிப்பர். நாடிழந்தவனுக்கு எஞ்சியிருப்பது அந்த உணவு ஒன்றே என்பது பிறகுதான் உறைக்கும்.

போதை தரும் இருமல் மருந்தை அவன் அருந்துவது நமக்கு ஏற்புடையதன்று. அத்தொடரைப் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைக்கவுமில்லை. எனினும் குற்றங்குறையுள்ள மனிதனாக அவனைக் காட்டியது சரியே. அடைக்கலம் கேட்பவன் வலிய்யாக இருந்தால்தான் கதவு திறப்போம் என்பது என்ன நீதி?

அதே 1990 இல், அதே குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் ஜோர்தானின் அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். தமிழகத்துச் சகோதரர்கள் பலரும் அவர்களுள் இருந்தனர். சம்பாத்தியத்தை இழந்து வந்தார்கள். ஆனால் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது, வந்திறங்க ஊர் இருந்தது. பக்கத்து வீட்டுப் பலஸ்தீனருக்கு எந்த விமானம் வரும்?

2025 இல் வந்த இரண்டாம் பகுதியின் இறுதியில் அக்குடும்பம் மேற்குக் கரையின் புரீன் கிராமத்துக்குச் சென்று உறவினரைக் காண்கிறது. கதை 2023 அக்டோபர் 7 க்கு முன்பே நின்றுவிடுகிறது.