கடலடியில் இருவர்

மன்னார்க் குடாக்கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுழியோடி பாரமான கல்லொன்றின் துணைகொண்டு கடலடிக்கு இறங்குவான். மூச்சை அடக்கி அவன் அங்கே தங்கக்கூடிய நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். வள்ளத்தில் நிற்பவன் உடனே இழுத்தெடுத்தல் வேண்டும். மேலே உள்ளவன் சற்றுக் கண்ணயர்ந்தால், கீழே உள்ளவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையிலே கொடுப்பதுதான் முறை என்று தமிழர் வழக்கில் ஒரு செய்தி உண்டு. தன் சகோதரி கணவனை இழப்பதை எந்த மைத்துனன்தான் பொறுப்பான்?

இன்று பிழைப்புக்காக அன்றி, உல்லாசத்துக்காகக் கடலடிக்குச் செல்வோர் பலர். அவர்களுக்குக் கயிறும் இல்லை. அதைப் பிடித்து நிற்கும் மைத்துனனும் இல்லை. அப்படியாயின் அவர்களைக் காப்பது எது? இக்கேள்விக்கு விடை காண, நமது அயல்நாடாகிய மாலைதீவுக்குச் சென்று வருதல் நன்று.

மாலைதீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்டது. முருகைக்கல் வளையங்களாக அமைந்த அத்தீவுக் கூட்டங்களை அந்நாட்டு மக்கள் 'அத்தொளு' என்பர். உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் 'அட்டோல்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. அவர்களுடைய படகின் பெயர் 'தோனி'. நமது தோணியோடு அச்சொல்லுக்குள்ள உறவு கேட்ட அளவிலே விளங்கும். அங்கே முதலாவது உல்லாச விடுதி 1972ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர், ஒரு தீவில் ஒரு விடுதி என்னும் முறையில் அவை பெருகின. அங்கு வருவோரிற் பலர், கடலைக் கரையிலிருந்து பார்ப்பதோடு அமையாது, அதனுள்ளே இறங்கிப் பார்க்கவும் விரும்புகின்றனர்.

கணவனும் மனைவியுமாகக் கடலடிக்குச் செல்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. ஒஸ்திரிய நாட்டு உயிரியல் அறிஞர் ஹான்ஸ் ஹாஸ் என்பாரும் லொற்றே அம்மையாரும் 1950ஆம் ஆண்டில் மணம் புரிந்தனர். செங்கடலின் அடியில் இருவரும் பங்கேற்று எடுத்த திரைப்படம் 1951ஆம் ஆண்டு வெனிஸ் நகர விழாவிற் பரிசு பெற்றது. பின்னர் ஹாஸ், 'சரீபா' என்ற தமது கப்பலில் மாலைதீவுக் கடலுக்கும் வந்து ஆராய்ச்சி செய்தார்.

இனி, நம் காலத்துத் தம்பதியர் இருவரை மனத்திலே எண்ணிக்கொள்வோம். அவர்கள் ஜேர்மனியிலிருந்து மாலைதீவுத் தீவொன்றுக்கு ஒரு வார விடுமுறையில் வந்தவர்கள். சுழியோடும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். முதல் நாள் பயிற்றுநர் முன்னிலையில் ஆழமற்ற நீரில் இறங்கித் தம் திறமையைக் காட்டினார்கள். அதன் பின்னரே, விடுதித் தீவைச் சூழ்ந்த முருகைக்கற்பாரில் இருவராக இறங்க அனுமதி கிடைத்தது. இருவராக என்பதைக் கவனித்தல் வேண்டும். தனியே இறங்க எவருக்கும் அனுமதி இல்லை.

அவர்கள் முதுகில் ஆளுக்கொரு காற்றுக்கலம் இருக்கிறது. 1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஜாக் கூஸ்தோ, எமில் கானியான் என்னும் இருவர் உருவாக்கிய கருவியின் வழிவந்தது இன்றைய மூச்சுக் கருவி. சுழியோடி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து அமுக்கத்துக்கு ஏற்ற அளவில் அது காற்றைத் தரும். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. ஆகவே 20 மீற்றர் ஆழத்தில் ஒரு மூச்சுக்கு, நீர்மட்டத்தில் செலவாவதைப்போல் மூன்று மடங்கு காற்றுச் செலவாகும். மேலே இரண்டு மணி நேரத்துக்குப் போதுமான காற்று, அங்கே 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

மேலே வரும்போது இக்கணக்குத் தலைகீழாகிறது. 10 மீற்றர் ஆழத்தில் நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் எழுந்தால், அக்காற்று இருமடங்காக விரிய முற்படும். நுரையீரல் அதைத் தாங்காது. ஓரிரு மீற்றர் உயர்ந்தாலே தீங்கு நேரலாம். அதனால்தான், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது இக்கலையின் முதற் பாடம். அன்றைய முத்துக்குளிப்பவனுக்கு மூச்சடக்கலே தொழில். இன்றைய சுழியோடிக்கு அதுவே பெரும் பகை.

காலை வேளையிலே தம்பதியர் இறங்குகின்றனர். ஆழம் கூடக் கூடச் சிவப்பு நிறம் முதலில் மங்கி, யாவும் நீலமாகின்றது. முருகைக்கற்களிற் சில வெளிறி இறந்து கிடக்கின்றன. 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கடல்நீர் அளவுக்கு மிஞ்சி வெப்பமடைந்தபோது ஏற்பட்ட அழிவின் அடையாளங்கள் அவை. ஆயினும் அவற்றினிடையே புதிய கிளைகள் தளிர்த்துள்ளன. கடற்றாமரை ஒன்றின் நச்சுக் கரங்களுக்குள்ளே சிறு மீனொன்று அஞ்சாமல் ஒளிந்து விளையாடுகின்றது. மனைவி அதன் அருகே நின்றுவிட்டார். கணவரோ கையிற் படக்கருவியோடு ஒரு கடலாமையைக் கண்டார். ஆமை மெல்ல நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

சற்று நேரத்தில் மனைவி தலை நிமிர்ந்தபோது, பக்கத்தில் எவரும் இல்லை.

ஆழம் 18 மீற்றர். கூப்பிட்டால் குரல் எழாது. நீரோட்டம் ஒரு பக்கமாக இழுக்கின்றது. அவருடைய நெஞ்சம் என்ன சொல்லியிருக்கும்? தேடு, ஆழத்திலே தேடு, அவர் இன்றி மேலே போகாதே என்றுதானே சொல்லியிருக்கும்? மணவாழ்க்கை முழுவதும் பழகிய அன்பு வேறென்ன சொல்லும்? ஆனால் இருவரும் பயிற்சியிற் கற்ற விதி வேறாக இருந்தது. துணையைக் காணாவிட்டால் ஒரு நிமிடம் மட்டும் தேடு. காணாவிடின் மெல்ல மேலே வா. நீர்மட்டத்திலே சந்தித்துக்கொள் என்பதே அவ்விதி.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பி, மூச்சுக் குமிழிகள் எங்கேனும் எழுகின்றனவா என்று தேடினார். ஒரு நிமிடம் முடிந்தது. கண்ணீரைத் துடைக்கவும் இயலாத முகமூடிக்குள் அழுதுகொண்டே, அவர் மேலெழத் தொடங்கினார். அப்போதும் பதறவில்லை. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல், மூச்சை விட்டும் வாங்கியும் எழுந்தார். விரைந்து எழுந்தால் இரத்தத்தில் கரைந்துள்ள நைதரசன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். 18 மீற்றரைக் கடக்க இரண்டு நிமிடங்கள் ஆயின. அவ்விரண்டு நிமிடங்களின் நீளத்தை அவரே அறிவார்.

நீர்மட்டத்தில் வெறுங்கடலே இருந்தது. அங்கியிற் காற்றை நிரப்பி மிதந்தவாறு சுற்றிப் பார்த்தார். அலைகளைத் தவிர வேறொன்றும் கண்ணிற் படவில்லை. பின்னர் சற்றுத் தொலைவில் நீர் கலங்கியது. ஒரு தலை தெரிந்தது. கணவரும் தம் மனைவியைக் காணாது, அதே ஒரு நிமிடம் தேடி, அதே வேகத்தில் எழுந்து வந்திருந்தார்.

இங்கே ஆராயத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்விருவரில் ஒருவர் விதியை மீறி, கீழேயே தேடிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மேலே வந்தவர் அஞ்சி மீண்டும் இறங்கியிருப்பார். ஒருவரை ஒருவர் தேடித் தேடி, இருவர் கலத்திலும் காற்றுத் தீர்ந்திருக்கும். விட்டுப் போவதுபோலத் தோன்றிய செயலே இருவரையும் ஒன்று சேர்த்தது. தன் துணைவரும் விதியைக் காப்பார் என்று மற்றவர் நம்பினாரே, அந்த நம்பிக்கைதான் கண்ணுக்குத் தெரியாத கயிறு. மன்னார்ச் சுழியோடியின் கயிற்றை மைத்துனன் பிடித்தான். இந்தக் கயிற்றை இருவரும் ஒரே வேளையிற் பிடித்திருத்தல் வேண்டும். ஒருவர் கைவிட்டாலும் அது அறுந்துவிடும்.

அன்று மாலை அவர்கள் அதிகம் பேசவில்லை. ஆமையின் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று மனைவி கேட்டார். தாம் அதைப் பார்க்கவில்லை என்றார் கணவர். விடுமுறையின் இறுதி நாளில் அவர்கள் கடலில் இறங்கப் போவதில்லை. பல நாள் சுழியோடியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் கரையில் இருத்தல் வேண்டும்; உயரத்திற் காற்றமுக்கம் குறையும்போது, உடலில் எஞ்சிய நைதரசன் தீங்கு செய்யலாம். அதற்கு முன் இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன.

மறுநாட் காலையில் இருவரும் இறங்குதுறைக்கு வந்தனர். ஒருவர் கலத்தின் வாரை மற்றவர் இறுக்கிப் பார்த்தார். ஒருவர் காற்றின் அளவை மற்றவர் வாசித்தார். கணவரின் கைகள் வெறுமையாக இருந்தன. படக்கருவியை அவர் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.