குழாய்க்குள் படியும் வழவழப்பு

விருதுநகர் மாவட்டம் பரளச்சிப் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டுற சிமெண்டுத் தொட்டிச் சுவரைத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருக்கும். தண்ணியை இறைச்சு ஊத்தினா போகாது. தேங்காய் நார் வெச்சுத் தேய்ச்சாத்தான் போகும். கிருமிகள் கூட்டமா ஒட்டிக்கிட்டு, மேல ஒரு பசையைப் பூசிக்குது. இதுக்குப் பேரு பயோஃபிலிம். பல்லுல படியுற படலமும் இதே சாதிதான்.

வென்டிலேட்டர்ல இருக்கிறவங்க தொண்டைக்குள்ள போற பிளாஸ்டிக் குழாயிலும் இது படியும். பசைக்குள்ள இருக்கிற கிருமியை மருந்து லேசுல நெருங்காது. கொஞ்சம் பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போனா நிமோனியா.

இதைத் தடுக்க வெள்ளி பூசின குழாயைப் போட்டுப் பார்த்தாங்க. 2008-ல வந்த வட அமெரிக்க ஆய்வுல நிமோனியா 7.5 சதவீதத்துல இருந்து 4.8 ஆச்சு. உயிரிழப்பு மட்டும் குறையலை. எனக்கென்னவோ, வெள்ளியை விடப் பல் பிரஷ் மேல நம்பிக்கை அதிகம். மயங்கிக் கிடக்கிறவருக்கும் நர்ஸம்மா தினமும் பல் தேய்ச்சு விட்டா நிமோனியா குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்கிறதும், குழாயைச் சுத்தித் தேங்குற எச்சிலை உறிஞ்சி எடுக்கிறதும் இதோட சேர்ந்தது.

விருதுநகர்லயே 2022-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. அங்கே சொந்தக்காரங்களுக்குத் துணைக்கு இருந்தா ஒண்ணு கவனிங்க: மூத்திரக் குழாய்லயும் இதே வழவழப்பு படியும், அதனால மூத்திரப் பையைக் கட்டிலுக்கு மேல தூக்கி வைக்காதீங்க, தரையிலயும் போடாதீங்க. ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கிட்ட, "ஐயா, இந்தக் குழாய் இன்னைக்கும் வேணுமா?"ன்னு தயங்காமக் கேளுங்க. தேவையில்லாத குழாயை அன்னைக்கே எடுத்துடுறதை அவங்களும்தான் விரும்புவாங்க.