எண்ணெய் சொட்டினால் சீலைத் திட்டாதீர்கள்

என்ஜினை முழுசாகப் பிரித்து, புது பிஸ்டன் ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு இறக்கிய கார், ஒரே வாரத்தில் தரையில் எண்ணெய் சொட்டுகிறது. கேட்டால், "ஆயில் சீல் மட்டம் சார்" என்பார்கள். எனக்கென்னவோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது சீலை அல்ல, அதை மாட்டிய விதத்தை.

கிராங்க்‌ஷாஃப்டின் இரண்டு முனைகளும் என்ஜினை விட்டு வெளியே வருகின்றன. முன்னால் புல்லி, பின்னால் ஃப்ளைவீல். ஷாஃப்ட் வெளியே வரலாம், உள்ளே இருக்கும் எண்ணெய் வரக்கூடாது. அதற்குத்தான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் சீல். அதன் உள்விளிம்பில் மெல்லிய உதடு. உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்க நூல் கனத்தில் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஷாஃப்டின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றில், உதட்டை உரசியபடி மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் இரும்பு ஓடுகிறது. நடுவில் எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் ரப்பர் கருகிவிடும். அதனால் ரப்பர் சீலை மாட்டும்போது உதட்டில் எண்ணெய் தடவுவார்கள். இப்போது பல கார்களில் வரும் டெஃப்லான் சீலுக்கு இது நேர் எதிர்: எண்ணெய் படாமல், உலர்ந்தபடியே மாட்ட வேண்டும். பழக்கத்தில் கை எண்ணெய் டப்பாவுக்குப் போனால் கெட்டது.

பழைய மோரிஸ் மைனர் கார்கள் இலங்கையில் இன்றும் ஓடுகின்றனவே, அவற்றின் என்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டில் மரை போலக் கீறியிருக்கும். சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே தள்ளும்; வண்டி நின்றதும் ஓரிரு சொட்டு விழும், அதை யாரும் பழுதென்று நினைப்பதில்லை.

அதே மரை தவறான திசையில் விழுந்தால்? ஷாஃப்டைப் பளபளப்பாக்குகிறேன் என்று எமரித் தாளைச் சாய்வாக இழுத்துத் தேய்க்கிறார்களே, அங்கே நடப்பது அதுதான். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மரையாகி எண்ணெயை வெளியே இறைக்கும். எந்த விலை சீல் போட்டாலும் நிற்காது. பழைய உதடு அரித்த பள்ளத்தில் விரல் நகம் தட்டினாலும் அப்படியே விடக்கூடாது. அதன்மேல் போர்த்த, கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் கனத்தில் ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது.

மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு பக்கமாகத் தட்டினால் சீல் சாய்ந்து உட்காரும், ஸ்பிரிங்கும் நழுவும். சீல் அளவுக்கு ஒரு வளையத்தை வைத்துச் சுற்றிலும் சமமாக அழுத்த வேண்டும்.

பின் சீலை மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்க வேண்டும். சீல் விலையைவிடக் கூலி பல மடங்கு. அதற்குச் சம்மதிக்கும் முன் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசியும் எண்ணெய் வழிந்து பின்னால் வந்து சொட்டும். பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியேறும். அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது.