சக்கேயு ஏறிய மரத்தை நட்டவர் யார்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: லூக்கா 19:1-10)



சக்கேயுவின் கதை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டுப் பழகிய கதை. எரிகோ நகரில் வரிதண்டுவோருக்குத் தலைவர்; செல்வர்; ஆனால் குள்ளமானவர். இயேசுவைப் பார்க்க ஆசை. கூட்டம் மறைக்கிறது. முன்னே ஓடிப்போய், வழியோரம் நின்ற ஒரு காட்டு அத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறார். இயேசு அண்ணாந்து பார்த்து அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அன்றே அந்த வீட்டுக்கு மீட்பு வருகிறது.

ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த மரத்தை நட்டவர் யார்? நற்செய்தி சொல்லவில்லை. எரிகோ வெயில் கடுமையான ஊர். காட்டு அத்தி தாழ்வாகக் கிளை பரப்பும், அகலமாக நிழல் தரும். நாலு பேர் நடக்கிற வழியில் யாரோ ஒருவர் அதை வைத்தார், அல்லது தானாக முளைத்ததை வெட்டாமல் விட்டார். அவருக்குச் சக்கேயுவைத் தெரியாது. ஆனாலும் சக்கேயு ஆண்டவரைக் கண்ட அந்த நாளில் அவருக்கும் பங்கு உண்டு.

நம் திருவண்ணாமலைக்கு வருவோம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான நம் இந்து சகோதரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பகலில் நடப்பவருக்குத் தார்ச்சாலைச் சூட்டில் நிழல் எவ்வளவு பெரிய தர்மம் என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். 2016-ஆம் ஆண்டு இந்தப் பாதையை அகலப்படுத்தும் பணியில் மரங்கள் வெட்டப்பட்டபோது ஊரில் பலர் வருந்தினர். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டுப் பணியை நிறுத்தி வைத்தது. சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்காகச் சாலை, நடப்பவருக்கா, வண்டிக்கா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

மலையின் கதை இன்னொன்று. சில பத்தாண்டுகளுக்கு முன் இந்த மலை பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. புல் மட்டும் வளரும். கோடையில் காய்ந்து தீப்பிடிக்கும். தப்பிய கன்றும் கருகும். 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல அமைப்புகளும் உள்ளூர்க்காரர்களும் வனத்துறையும் கன்று வைத்து வருகிறார்கள். நடுவது ஒரு நாள் வேலை. கோடைக்கு முன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவதும், தீ கண்டதும் ஓடிப்போய் அணைப்பதும் ஆண்டுதோறும் செய்கிற வேலை. இன்று மலைச்சரிவில் தெரிகிற பச்சை, அந்த வேலையின் பலன்.

2024 டிசம்பர் 1-ஐ நாம் மறக்க முடியாது. ஃபெங்கல் புயல் மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் 7 பேரைப் புதைத்தன. அவர்களில் 5 பேர் குழந்தைகள். அவ்வளவு மழையை மரங்கள் தடுத்திருக்கும் என்று சொல்ல நான் அறிவியலாளன் அல்ல. ஆனால் இடம் இல்லாத ஏழைதான் மலைச்சரிவில் போய் வீடு கட்டுகிறார். ஊரை எப்படி அமைக்கிறோம் என்பதில் எளியவரின் உயிர் அடங்கியிருக்கிறது. இதை அந்தப் பிள்ளைகள் நமக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் நகரங்களைப் பற்றியும் பேசுகிறார். பசுமையான இடங்கள் வசதியானவர்களின் குடியிருப்புகளுக்குள் அமைய, எளியோர் வாழும் பகுதிகள் வெறுமையாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டுகிறார். பொது இடங்களைப் பேணினால்தான் மக்கள் ‘இது நம் ஊர்’ என்று உணர்வார்கள் என்கிறார்.

ஊரைக் குறை சொல்லும் முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், கோயில் வாசலில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. இலை கொட்டுகிறது, கார் நிறுத்த இடமில்லை என்றார்கள். நானும் தலையாட்டினேன். மரத்தை வெட்டி, வளாகம் முழுவதும் சிமென்ட் கல் பதித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் கவனித்தேன்: பூசை முடிந்ததும் அந்த நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பாட்டிமார் யாரையும் காணோம். அங்கே கூடை வைத்துப் பூ விற்ற அம்மாவும் இல்லை. ஒரு மரத்தை வெட்டியதாக நினைத்தேன். ஏழைகள் உட்கார்ந்த இடத்தைப் பறித்திருக்கிறேன்.

எனவே அன்பானவர்களே, மூன்று காரியங்கள். ஒன்று, உங்கள் தெருவில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டிருந்தால், வார்டு உறுப்பினரிடம் சொல்லி, தண்ணீர் இறங்க ஒரு சதுரம் மண் விடச் செய்யுங்கள். ஆணி அடித்த விளம்பரப் பலகை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, புதிதாக நடும்போது வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், மகிழம் என்று நம் மண்ணுக்குப் பழகிய மரமாகத் தேர்ந்தெடுங்கள். மின்கம்பிக்கு அடியில் உயர வளரும் மரம் வேண்டாம். மூன்று, நட்ட அன்று எடுக்கும் புகைப்படத்தோடு நிறுத்தாதீர்கள். கனி தராத அத்தி மரத்துக்காக இன்னும் ஓர் ஆண்டு கேட்டு, கொத்தி எருப்போட முன்வந்த அந்தத் தோட்டக்காரரை நினையுங்கள். திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம் என்று எந்த நாளுக்கு ஒரு கன்று வைத்தாலும், இரண்டு மூன்று கோடைக்காவது குடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒரு குடும்பம் ஏற்கட்டும்.

அதன் நிழலில் யார் நிற்பார், நமக்குத் தெரியாது. வளையல் விற்பவராக இருக்கலாம், மலை சுற்ற வந்த முதியவராக இருக்கலாம். ஊரே வெறுக்கிற ஒரு சக்கேயுவாகவும் இருக்கலாம். ஆண்டவர் அந்த வழியே வருவார், அண்ணாந்து பார்ப்பார். அப்போது அங்கே ஒரு மரம் இருக்க வேண்டும்.

மன்றாடுவோம்: படைப்பின் தந்தையே, எங்கள் ஊரையும் மலையையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். மண்சரிவில் மாண்டவர்களுக்கு இளைப்பாற்றி தாரும். எங்களுக்குப் பின் வருகிறவர்களுக்காக நட்டுப் பேணும் மனம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.