தங்கமீனும் ஒரு சிட்டிகைத் தீனியும்



ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு, கொல்லையில் கட்டிய பசுவும், முற்றத்தில் ஓடிய அணிலும், கூரையில் கூடு கட்டிய குருவியும் கேளாமலே கிடைத்த தோழர்கள். பிழைப்பை நாடி வெளி மாநிலத்துக்கு வந்து, மூன்றாம் மாடியில் இரண்டறைக் குடித்தனம் நடத்தும் நம் குழந்தைகளுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் வாய்ப்பதில்லை. நாய் வளர்க்க இடம் போதாது. பூனையை வீட்டுக்காரர் ஒப்புவதில்லை. கடைசியில் பெற்றோர் இணங்கிவரும் உயிர் ஒன்று உண்டு. அது குரைப்பதில்லை, கடிப்பதில்லை, அடுத்த வீட்டார் புகார் சொல்லவும் இடம் வைப்பதில்லை. அதுதான் தங்கமீன்.

தில்லியில் என் வீட்டுக்கும் அது அவ்வாறே வந்து சேர்ந்தது. என் மகள் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்களையும், கையில் உருண்டையான ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் ஏந்தி வந்தாள். பதினொரு நாள்களில் இரண்டும் மாண்டன. "இவற்றின் ஆயுளே அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். நானும் அதை நம்பி மகளைத் தேற்றினேன். பின்னர்ப் படித்தறிந்தபோதுதான் வெட்கம் உண்டாயிற்று. நன்கு பேணினால் தங்கமீன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இயல்பு. இங்கிலாந்தில் 1956-ஆம் ஆண்டு ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, அதாவது 43 ஆண்டுகள், உயிர் வாழ்ந்தது. ஆகவே பதினொரு நாள்களில் மாண்ட மீனுக்கு விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழை வளர்த்தவனுடையது.

தங்கமீனின் பூர்வீகம் சீனா. அது நம் குளங்களில் காணும் கெண்டை இனத்துக்குச் சுற்றம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சாம்பல் நிறக் கெண்டைகளுக்கிடையே அரிதாகத் தோன்றிய செம்பொன் நிற மீன்களைச் சீனர்கள் தனியே பிரித்துக் குளங்களில் பேணி வளர்த்தார்கள். அங்கிருந்து ஜப்பானுக்கும், பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் அது பரவியது. இன்று சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் அழகு மீன் வளர்ப்பையும் விற்பனையையும் தொழிலாகக் கொண்டிருக்கின்றன. இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. தங்கமீன் குளத்தில் வாழப் பிறந்த உயிர். கிண்ணத்தில் வைக்கும் பூங்கொத்து அன்று. இத்தாலியின் உரோமை நகரில் உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதை 2005-ஆம் ஆண்டில் தடை செய்தே விட்டார்கள்.

இனி, தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். குறிப்பு எடுத்துக்கொள்ள விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சுமார் 55 லிட்டர் நீர் கொள்ளும். அது ஒரு சிறு மீனுக்கு ஆரம்ப வீடு. இரண்டு மீன்கள் வேண்டுமானால் மூன்றடி நீளமும், ஓரடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியாக இருக்கட்டும். அது சுமார் 125 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பதை நினைவில் வைத்து, வலுவான மேசையின் மேல், நேர் வெயில் படாத இடத்தில் தொட்டியை அமைத்தல் வேண்டும்.

இவ்வளவு நீர் எதற்கு என்று கேட்கலாம். மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. உண்ணாமல் எஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. இயற்கை இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. இந்தச் சின்னஞ்சிறு பணியாளர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதிய தொட்டியில் மீன்கள் அடுத்தடுத்து மாள்வதன் இரகசியம் இதுவே. ஆதலால் தொடக்கத்தில் ஒரே ஒரு மீனை விட்டு, தீனியைக் குறைத்து, நீரை அடிக்கடி சிறிது சிறிதாக மாற்றிவர வேண்டும்.

தொட்டி பழகிய பிறகு வாரத்துக்கு ஒரு முறை நான்கில் ஒரு பங்கு நீரை ரப்பர்க் குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, புது நீர் விட்டால் போதும். தீபாவளிக்கு வீடு கழுவுவதுபோல் எல்லா நீரையும் கொட்டி, கற்களைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அழுக்கோடு சேர்த்து அந்தப் பணியாளர்களையும் ஒழித்து விடுகிறார்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுதல் நலம். நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். சில ஊர்களில் கலக்கும் குளோரமின் அவ்வாறு நீங்காது. அதற்குக் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது தீனி. தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியே ஓர் உறுப்பு இல்லை. உண்டது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் வயிற்றை நிரப்பிக்கொண்டு நீண்ட நேரம் அடங்கியிருக்க அதனால் இயலாது. நம்மைக் கண்டதும் கண்ணாடியருகே ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பசி என்று எண்ணி நாம் மேலும் மேலும் தூவுகிறோம். நாம்தான் தீனி தருகிறோம் என்பதை அது கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. தங்கமீனின் நினைவு மூன்று விநாடிதான் என்பது வெறுங்கதை. பழக்கிய ஒன்றை அது மாதக்கணக்கில் மறப்பதில்லை.

நாளைக்கு ஒரு முறை அல்லது இரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே கொடுக்க வேண்டும். எஞ்சியதை உடனே வலையால் எடுத்துவிட வேண்டும். உருண்டை உடலும் இரட்டை வாலும் உடைய வகைகளுக்கு நீரில் அமிழும் குருணைத் தீனி நல்லது. மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கினால், அவை நிலை தடுமாறித் தலைகீழாக மிதப்பதுண்டு. வாரத்தில் ஒரு முறை, வேகவைத்துத் தோலுரித்து நசுக்கிய பச்சைப் பட்டாணி ஒன்றைக் கொடுக்கலாம். இன்னொரு நாள் விரதம். இட்லி, சோறு, ரொட்டி முதலியவை ஆகா.

என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தபோது, "கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் ஆகாது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குளம் பெரிது, போடும் பொரிக்குப் போட்டியிட ஆயிரம் வாய்கள் உண்டு, மழை வந்து நிரப்பும், சேறும் பாசியும் கழிவை ஏற்றுக்கொள்ளும். கண்ணாடித் தொட்டிக்கு அந்த வசதிகளுள் ஒன்றும் இல்லை. அதற்கு மழையும் நாமே, ஓடையும் நாமே.

வட இந்தியாவில் வாழ்வோர் பருவங்களையும் கவனிக்க வேண்டும். இந்த மீனுக்கு உகந்த வெப்பம் 18 முதல் 24 டிகிரி. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் நீரில், 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராமே கரையும். ஜூன் மாத நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் கொதிநீரை அப்படியே மீன்தொட்டியில் விட்டுவிடாதீர்கள். விடியற்காலையில் பிடித்து நிழலில் வைத்த நீரே ஏற்றது. மின்சாரம் நின்று காற்றுக் கருவி ஓயுமானால், நாம் காப்பி ஆற்றுவதுபோல் ஒரு குவளையில் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். காற்று நீரில் கலக்கும். மீன் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் திணறினால் இதுவே முதலுதவி. உடன் சிறிது நீரையும் மாற்றுதல் வேண்டும். குளிர்காலத்தில் மீனின் செரிமானம் மந்தப்படும். நீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தீனியைக் குறையுங்கள். 10 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள். கொசு மருந்துகள் பலவற்றில் உள்ள பைரித்திராய்டு என்னும் பொருள் மீனுக்குக் கடும் விஷம். மருந்து தெளிக்கும்போது தொட்டியை மூடி, காற்றுக் கருவியையும் நிறுத்தி வைத்து, அறை காற்றோட்டம் பெற்ற பின்னரே மீண்டும் ஓட்ட வேண்டும்.

கடைசியாக, நம் எல்லோருக்கும் உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போகிறோம். மீனை என்ன செய்வது?

நான்கு ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்காகப் பத்து நாள் போக வேண்டியிருந்தது. அப்பொழுது எங்களிடம் மூன்று மீன்கள் இருந்தன. எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருக்கிறார். நாங்கள் 'மாதாஜி' என்று அழைப்போம். தீனி டப்பாவை அவர் கையில் கொடுத்து, நாள்தோறும் 'தோடா' போடுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு இரயில் ஏறினேன். திரும்பி வந்தபோது நீர் மோர்போல் வெளுத்திருந்தது. இரண்டு மீன்கள் மிதந்தன. ஒன்று மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. டப்பா காலி. மாதாஜி வாசற்படியில் நின்று கண்ணீர் விட்டார். "வீட்டார் ஊரில் இல்லாதபோது வாயில்லாப் பிராணி பசித்திருக்கலாமா என்று மூன்று வேளையும் போட்டேன், பேட்டா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. மகளின் முகத்தைப் பார்த்தபோது அது இன்னும் மூண்டது. ஆயினும் இரவு படுக்கையில் எண்ணிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டவன் நான். 'தோடா' என்றால் 'கொஞ்சம்' என்பது அகராதிப் பொருள். வந்த விருந்தாளிக்கு நான்கு பரோட்டாவைக் 'கொஞ்சம்' என்று பரிமாறும் கை அவருடையது. என் 'கொஞ்சம்' வேறு; அவர் 'கொஞ்சம்' வேறு. அளவைச் சொல்லால் சொல்லாமல் கையால் காட்டியிருக்க வேண்டும். அந்த மீன்களைக் கொன்றது என் சோம்பல். அவருடைய அன்பு அன்று. மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்று அதைச் சொன்னேன்.

நலமாக வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தீனியின்றி இருப்பதில் ஆபத்து இல்லை என்பதைப் பிறகு அறிந்தேன். இப்போது பத்து நாள் போவதானால், புறப்படுவதற்கு முன் நீரை மாற்றிவிட்டு, சித்த வைத்தியர் மருந்து கட்டுவதுபோல் மூன்று காகிதப் பொட்டலங்கள் மட்டும் கட்டுகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைத் தீனி. மேலே கொடுக்க வேண்டிய தேதி. டப்பாவை அலமாரியில் பூட்டிவிடுகிறேன். உங்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். வளர்க்க முடியாத நிலை வந்தாலும் மீனை ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அந்த நீருக்கு உரிய உயிர்களின் வாழ்வை அது கெடுக்கும். விரும்பி வளர்ப்பவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பொட்டலங்களை முதன்முறை யாரிடம் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். அதே மாதாஜியிடம்தான். ஊரிலிருந்து திரும்பியதும் மீன்கள் மூன்றும் நலமாக நீந்தக் கண்டோம். மாதாஜி ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "அன்றைக்கு எனக்கு விரதம். அவையும் என்னோடு இருந்துவிட்டன" என்றார்.