பணியும் பட்டமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு ரயில்வே குமாஸ்தாவைக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். இதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. இவ்விஷயத்தில் நான் ஏமாந்தவன்.

நான்காண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் என்னை நாடி வந்தார். "ஒரே ஆண்டில் பி.டெக். பட்டம், வகுப்பு இல்லை, தேர்வையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார். நாற்பது வயதைக் கடந்த பின்னும், என்னிலும் இளையவர்கள் பட்டத்தின் வலிமையால் மேல் நாற்காலியில் அமர்வதைக் கண்டு புழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த இருபத்தையாயிரம் ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். இரண்டாம் மாதம் சென்று பார்த்தபோது அவ்வலுவலகம் பூட்டிக் கிடந்தது. வீட்டில் சொல்ல நாணி ஓராண்டுக் காலம் மறைத்தேன். இன்று இவ்வளவு பேர் முன்னிலையில் சொல்கிறேன். என் மனைவியும் முன் வரிசையில்தான் இருக்கிறாள்.

அந்தப் பட்டம் கைக்கு வந்திருந்தால் அதனினும் பெருந்துன்பம் நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். முறையான அனுமதியின்றித் தொலைக்கல்வி வழியாகப் பொறியியற் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றி 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் மீண்டும் ஒரு தேர்வு எழுத வேண்டியதாயிற்று. அதன் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களோ அறவே இரத்தாயின. அப்பட்டத்தைக் காட்டிப் பெற்ற பதவி உயர்வும் செல்லாது என்றாயிற்று. பெற்ற சம்பளத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். பல ஆண்டுகள் மேலதிகாரியாக வீற்றிருந்தவர் ஒரு காலை மீண்டும் பழைய நாற்காலிக்கு வருவதை எண்ணிப் பாருங்கள்!

பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட விதிகளின்படியும் பொறியியற் பட்டத்தைத் தொலைவழியாகவோ இணையவழியாகவோ நடத்த இயலாது. ஆதலின் "வீட்டிலிருந்தே பி.டெக்." என்று எவரேனும் சொன்னால், அவரை வாயிலோடு அனுப்பிவிடுங்கள். பொறியியற் பட்டமே வேண்டுமென்று விரும்பும் டிப்ளமோக்காரர்கள் கல்லூரிக்கு நேரில் சென்றே பயில வேண்டும். 1939இல் தோன்றிய நம் திருவனந்தபுரம் பொறியியற் கல்லூரியில் பணியிலுள்ளோர்க்கான மாலை வகுப்புகள் நெடுங்காலம் நடந்துவந்ததை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள்.

நிற்க. மெய்யான வழி ஒன்றும் உண்டு; அதனைச் சொல்லவே வந்தேன்.

சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூன் மாதத்தில் இணையவழியில் ஓர் இளநிலைப் பட்டப் படிப்பை அறிவித்தது. நிரலாக்கமும் தரவு அறிவியலும் அதன் பாடங்கள். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவது முன்னது. குவிந்து கிடக்கும் எண்களிலிருந்து பொருள் காண்பது பின்னது. இன்று அது நான்காண்டு பி.எஸ். பட்டமாக வளர்ந்திருக்கிறது. 2023இல் மின்னணு அமைப்புகளுக்கென்று இன்னொரு பட்டமும் தொடங்கப்பெற்றது. இவை பி.டெக். அல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இப்படிப்பில் சேர ஐ.ஐ.டி.க்கென நடக்கும் நுழைவுத் தேர்வு வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் பயின்றிருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. முதலில் நான்கு வாரங்கள் அவர்களே பாடம் நடத்துகிறார்கள். அப்பாடத்திலேயே தேர்வு வைத்து, தேறியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தெரியாததைக் கேட்டு மடக்காமல், கற்பித்ததையே கேட்கும் இம்முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆண்டுக்கு மூன்று பருவங்கள். காணொளிப் பாடங்களை இரவுப் பணி முடிந்து வந்தும் பார்க்கலாம். தேர்வுகளை மட்டும் குறித்த மையத்திற்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வேண்டும். இக்கண்டிப்பே அப்பட்டத்திற்கு மதிப்பைத் தருகிறது. ஒரு பருவத்தில் ஒரே பாடம் எடுத்துக்கொண்டும் மெல்லச் செல்லலாம். முழுப் பட்டத்திற்கு எட்டாண்டுகள் வரை இடமுண்டு.

இதில் நான் வியந்தது அதன் படிக்கட்டு அமைப்பை. முதல் எட்டுப் பாடங்களை முடித்தால் அடிப்படைச் சான்றிதழ். அதற்கு மேல் டிப்ளமோ. 114 மதிப்பலகுகள் நிறைந்தால் பி.எஸ்ஸி.; 142 நிறைந்தால் பி.எஸ். வீட்டில் நோயோ திருமணமோ வந்து இடையில் நிற்க நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. நம் போன்ற குடும்பஸ்தர்களின் நிலையை அறிந்து வகுத்த ஏற்பாடு இது. வருவாய்க்கும் வகுப்புப் பிரிவுக்கும் ஏற்ப முக்கால் பங்கு வரை கட்டணச் சலுகையும் உண்டு. பாடமொழி ஆங்கிலம் என்பதுதான் நமக்குச் சற்று இடர். அரசுப் பணியிலிருப்போர் அலுவலகத்தின் முன்னனுமதி பெற்றுச் சேர்வது நலம். இப்பட்டம் தங்கள் பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! உங்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மணமாகி இவ்வூருக்கு வந்தவர்கள். இவ்வகையில் நீங்கள் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறீர்கள். நாளையே விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பிக்க இயலாது.

பத்தாம் வகுப்போடு நின்ற என்போன்றோர் முதலில் பன்னிரண்டைக் கடக்க வேண்டும். அதற்கு 1989இல் நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடங்கள்; ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் செல்லும்; அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம்; தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்தும் மேல்நிலைச் சமநிலைத் தேர்வும் உண்டு. நான் முன்னதில் பதிந்திருக்கிறேன். மூன்று பாடங்களில் தேறினேன். கணக்கில் ஒருமுறை தவறினேன். கணக்கை எடுத்தே தீரவேண்டுமென்று கட்டாயமில்லை. ஆயினும் சென்னைப் படிப்பின் முதற்படியிலேயே கணக்கும் புள்ளியியலும் காத்திருப்பதால், அஞ்சி ஒதுங்குவதில் பயனில்லை என்று எடுத்தேன். எந்த மகளின் பணத்தை இழந்தேனோ, பதினோராம் வகுப்பில் பயிலும் அவளே இரவில் எனக்குக் கற்பிக்கிறாள். "அப்பா, நேற்றுச் சொன்னதைத்தானே மறந்துவிட்டீர்கள்?" என்று அவள் கேட்கும்போது சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த வயதில் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாள் 2018இல் தம் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றார். கணிப்பொறியும் கற்க வேண்டும் என்று அவர் சொல்ல, மாநிலக் கல்வி அமைச்சரே மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வம்மையார் 2023இல் மறைந்தார். நம் இனத்துக் குமாஸ்தா ஒருவரையும் சொல்லலாம். எஃப்.ஏ. தேர்வில் தவறிய கணித மேதை இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கெழுதினார். 1916இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பெற்றார். அவர் மேதை, நாம் அல்லோம். எனவே எட்டாண்டுகள் கேட்கிறோம்!

நாள்தோறும் காலையில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் வண்டிகளில் கழக்கூட்டத்துக்குச் செல்லும் இளைஞர் கூட்டத்தைப் பார்க்கிறேன். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் பணியாற்றுவோர் அவர்களில் பலர். அவர்களுடைய தொழிலைப் பற்றி நம் காலனியில் பேச்சு வந்தால், "அது நமக்கு எட்டாதது" என்று பெரியவர்கள் எழுந்துவிடுகிறார்கள். நானும் அப்படி எழுந்தவன்தான்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தின் பின்னறையில் பழைய நாடக உடுப்புகள் நிறைந்த பெட்டிகள் கிடக்கின்றன. அவற்றை ஒருபுறம் ஒதுக்கி, இரண்டு மேசையும் இணைய இணைப்பும் அமைத்துக் கொடுத்தால், வாரத்தில் இரண்டு மாலைகள் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை சேர்ந்து படிக்கலாம். ஒரு வீட்டில் ஒரே அறை, அதிலும் தொலைக்காட்சி என்றிருக்கும் நமக்கு அமைதியான இடமே பெருங்கொடை. ஆங்கிலப் பாடத்திற்கு உதவுவதாக ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர் இசைந்திருக்கிறார். கணக்கிற்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. என் மகளுக்கும் தேர்வு நெருங்குகிறது. இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் எவரேனும் மனம் வைத்தால் நன்று.

பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் நூலக அலமாரியருகே என்னைக் காணலாம். இதுவரை நான்கு பெயர்கள் எழுதியிருக்கிறேன். முதற்பெயர் என்னுடையது, இரண்டாவது என் மனைவியுடையது.